.22 பிஸ்டல்: குளிரில் மூன்றாவது ரவுண்டிலேயே நின்றுவிடுகிறது, கிரீஸ்தான் காரணமா?

கேட்டவர்: கறுப்புவட்டம்

ஸ்டாண்டர்ட் பிஸ்டல் போட்டிக்குப் பயிற்சி எடுத்து வருகிறேன். முதலில் மெல்லிய ஆயில்தான் போட்டுக்கொண்டிருந்தேன். பயிற்சி பாதியைத் தாண்டும்போதே வழிந்து போய், போல்ட் (சுட்டதும் பின்னால் போய்த் திரும்பும் இரும்புத் துண்டு) காய்ந்துவிடும். இரண்டு வாரம் முன்பு வாகனச் சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸை எடுத்து, போல்ட் ஓடும் தடம், ஃபயரிங் பின் (ரவுண்டை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி), ட்ரிகர் என்று எல்லா இடத்திலும் தாராளமாகத் தடவினேன். மூன்று நாள் வெண்ணெய் மாதிரி ஓடியது.

நேற்று காலை நல்ல குளிர். மூன்றாவது ரவுண்டில் (தோட்டாவில்) காலிக் கேஸ் வெளியே வராமல், அது வெளியேறும் வாயிலேயே சிக்கிக்கொண்டது. அப்புறம் இரண்டு முறை ட்ரிகர் விழுந்தும் வெடிக்கவில்லை. அந்த ரவுண்டை எடுத்து, முந்தைய காலிக் கேஸோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விளிம்பில் ஃபயரிங் பின் அடித்த தடம் நகம் கீறியது போல லேசாகத்தான் இருந்தது. மதியம் அதே பிஸ்டல், அதே பெட்டி ரவுண்டு, ஒரு தடங்கல்கூட இல்லை. 10 நொடிக்குள் ஐந்து ஷாட் சுடும் வரிசையில் இப்படி ஆனால் அந்த ஐந்தும் போச்சு. எந்த கிரீஸ் வாங்கலாம், சொல்லுங்கள்.

பதில்: பழைய போல்ட்

தம்பி, மதியம் சரியாகிவிட்டது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியே போதும். கிரீஸ் டப்பாவில் என்.எல்.ஜி.ஐ. 2 (கிரீஸ் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் எண்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பேரிங் கிரீஸ் பெரும்பாலும் அதுதான். அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? ஒரு கூம்பை கிரீஸில் இறக்கி, ஐந்து நொடியில் எவ்வளவு ஆழம் போகிறது என்று அளக்கிறார்கள். 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை போனால் அது 2. ஆனால் அந்த அளவு 25 டிகிரியில் எடுப்பது. குளிர் ஏற ஏற அதே கிரீஸ் இறுகிவிடும்.

.22 பிஸ்டலின் போல்ட்டைப் பூட்டிப் பிடிக்க எதுவும் கிடையாது. அதன் எடையும் ஸ்பிரிங்கும்தான். அதைப் பின்னால் தள்ள அந்தச் சின்ன ரவுண்டில் இருக்கும் வேகமும் கொஞ்சம்தான். இறுகிய கிரீஸ் அதில் பங்கு கேட்டால் போல்ட் முழுத் தூரம் போகாது, காலிக் கேஸ் சிக்கும். மிஸ்ஃபயர் ஆனதற்கும் இதே கதைதான்: பின் கிரீஸுக்குள் நீந்திப் போய் விளிம்பை அடிக்கிறது.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். என் ப்ரோன் (படுத்துச் சுடும்) ரைஃபிளில் ஃபயரிங் பின் ஸ்பிரிங்குக்கு கிரீஸ் போட்டேன். மிஸ்ஃபயர் ஒன்றும் ஆகவில்லை, அதனால் காரணம் புரியவே மாட்டேன் என்றது. 50 மீட்டரில் குரூப் (குண்டுத் துளைகளின் கூட்டம்) மட்டும் மேலும் கீழுமாக நீண்டுகொண்டே போனது. ரவுண்டை மாற்றினேன், ஸ்டாக் ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்தேன், ஒரு மாதம் வீண். கடைசியில் பின்னைக் கழுவித் துடைத்துப் போட்ட அன்றே குரூப் வட்டமாகிவிட்டது. அடி ஒரே மாதிரி விழாவிட்டால் ரவுண்டு ஒரே மாதிரி பற்றாது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். மேகசினைக் கழற்றி, சேம்பர் (ரவுண்டு உட்காரும் அறை) காலி என்று கண்ணால் பாருங்கள். பழைய கிரீஸை சால்வென்ட்டில் முழுக்கக் கழுவுங்கள். மேலேயே வேறு கிரீஸைப் பூசாதீர்கள். லித்தியம் சோப்பில் செய்ததும் களிமண்ணில் செய்ததும் கலந்தால் எண்ணெய் தனியே பிரிந்து வழியக்கூடும். பின்னையும் அது ஓடும் துளையையும் உலரத் துடையுங்கள், விரலில் பளபளப்பு ஒட்டக் கூடாது. தடத்துக்கு மட்டும் கொஞ்சம் கெட்டியான ஆயில், பக்கத்துக்கு ஒரு சொட்டு. கிரீஸ்தான் வேண்டுமென்றால் 2-ஐவிட இளகிய 0 அல்லது 00, தீக்குச்சி முனையில் எடுக்கும் அளவு.

ட்ரிகர் விஷயத்தில் கையேடு சொன்னதைத் தாண்டாதீர்கள். உங்கள் போட்டியில் ட்ரிகர் 1000 கிராமைத் தூக்க வேண்டும். சியர் (ட்ரிகரை இழுக்கும் வரை அடிக்கும் பகுதியைப் பிடித்து வைக்கும் கொக்கி) முனையில் உராய்வு குறைந்தால் அந்த எடையும் இறங்கும். சரியாக 1000 கிராமிலேயே செட் செய்து வைத்திருந்தால் பரிசோதனை மேசையில் மாட்டிக்கொள்வீர்கள்.

பதில்: பறக்கும் தட்டு

கிரீஸே ஆகாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் ட்ராப் (பறக்கும் தட்டு) சுடுகிறேன். என் ஓவர்-அண்டர் (ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு பேரல்) ஷாட்கன்னின் கீல் பின்னில் ஆயில் நிற்கவே நிற்காது. இரண்டு இரும்பும் அழுத்தத்தோடு மெதுவாகத் தேய்கிற இடம் அது, ஆயிலைப் பிதுக்கி வெளியே தள்ளிவிடும். அங்கே கிரீஸ்தான் வேண்டும். போல்ட் ரைஃபிளின் லாக்கிங் லக்கின் (போல்ட்டைப் பூட்டும் புடைப்பு) பின்முகமும் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் பழையதைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். தூசி கலந்த கிரீஸ் அரத்தூள் மாதிரி, இரும்பைத் தின்றுவிடும்.

பதில்: மூச்சடக்கம்

ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆயில் குப்பியை எடுக்க வேண்டாம். சிலிண்டரில் 200 பார் காற்று இருக்கிறது. பெட்ரோலிய எண்ணெய் அதற்குள் போனால் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஓ-ரிங்குக்கு (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) சிலிகோன் மட்டும். அந்த சிலிகோனை இரும்போடு இரும்பு தேயும் இடத்தில் போடாதீர்கள், தாங்காது.

கறுப்புவட்டம்

பழைய போல்ட் அண்ணா, இன்று காலை அதே குளிரில் 60 ரவுண்டு போட்டேன். ஒன்றுகூட நிற்கவில்லை. கழுவும்போது பின் துளையிலிருந்து கரிய கூழாக வந்தது, பார்க்கவே மனசு சங்கடப்பட்டது. ஆனால் முதல் ஏழெட்டு ஷாட் மட்டும் வலது பக்கம் சிதறியது. மேகசின் ஸ்பிரிங்குக்கு ஆயில் வேண்டுமா?

பழைய போல்ட்

மேகசினுக்குள் ஒரு சொட்டும் வேண்டாம், துடைத்தால் போதும். ரவுண்டில் எண்ணெய் பட்டு சேம்பருக்குள் போகும். முதல் ஷாட்கள் சிதறுவது பேரலைக் கழுவியதால். .22 குண்டின் மேல் இருக்கும் மெழுகு உள்ளே ஒரு படலமாகப் படியும் வரை அப்படித்தான். போட்டிக்கு முந்தைய நாள் பேரலைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால் கடைசியாக உலர்ந்த பேட்ச் (துணித் துண்டு) ஒன்றை இழுத்துவிட்டு, போட்டி எண்ணிக்கைக்கு முன் சுட்டுப் பார்க்கும் சைட்டிங் நேரத்தில் கூடுதலாகச் சில ரவுண்டு போடுங்கள்.