லுவார் அரண்மனைகளா, தெற்கே மலைக்கோட்டைகளா? ஐந்து நாளுக்கு எது?

புதுப்பயணி:
ஜூன் முதல் வாரம் பாரிஸில் வேலை. முடிந்ததும் ஐந்து நாள் கையில் இருக்கிறது. மனைவியும் அப்பாவும் வருகிறார்கள். அப்பாவுக்கு 66 வயது, நன்றாக நடப்பார், முட்டி மட்டும் அவ்வப்போது தகராறு செய்யும். நகரம் வேண்டாம். பழைய கோட்டை, நடக்க நல்ல பாதை, கிராமம், இவ்வளவுதான் ஆசை. எல்லோரும் லுவார் பள்ளத்தாக்கு என்கிறார்கள். நண்பர் ஒருவர் மட்டும் தெற்கே கர்காசோன் பக்கம் இருக்கும் கத்தார் கோட்டைகளுக்குப் போகச் சொல்கிறார் (கத்தார் நாடு அல்ல, திருச்சபையை எதிர்த்த பழைய கிறித்தவப் பிரிவு ஒன்றின் பெயர்). போனவர்கள் சொல்லுங்கள்.

கரடுமுரடு:
உங்கள் நண்பர் விவரமானவர். லுவாரில் நீங்கள் பார்க்கப்போவதில் முக்கால்வாசி ராஜாக்களின் வேட்டை பங்களா. ஷாம்போர் அரண்மனையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் ஃபிரான்சுவா 1519-இல் கட்ட ஆரம்பித்தார். 32 வருடம் ஆண்ட மனிதர் அங்கே தங்கியது மொத்தமே சில வாரங்கள்தான். அவர் வரும்போது கட்டில், திரைச்சீலை எல்லாம் வண்டியில் கூடவே வரும், போகும்போது கூடவே போய்விடும். எந்த எதிரியும் அதை முற்றுகையிட நினைத்ததில்லை.

பெய்ர்பெர்த்யூஸ் போய்ப் பாருங்கள். கீழே த்யூயாக் கிராமத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. சுமார் 800 மீட்டர் உயரத்தில், மலை முகட்டோடு முகடாக நீளும் கோட்டை. வெயிலில் ரோஸ்மேரிப் புதர் வாசனை. கால்நடையாக ஏறினால்தான் இதை ஏன் இங்கே கட்டினான் என்று உடம்புக்குப் புரியும்.

மிதிவண்டிக்காரன்:
உடம்புக்கு நன்றாகவே புரியும், அடுத்த நாள் காலையில்! அவர் அப்பாவின் முட்டியைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தீர்களா? பெய்ர்பெர்த்யூஸின் மேல்கோட்டைக்குப் போக ஒரே வழி புனித லூயி படிக்கட்டு. பாறையில் வெட்டிய படிகள். காலம் காலமாக மிதிபட்டு வழவழப்பாகி இருக்கின்றன. ஒரு பக்கம் பள்ளம், பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. அங்கே அடிக்கும் வடமேற்குக் காற்று சாதாரணக் காற்றல்ல, பலமாக அடித்தால் ஏற விடமாட்டார்கள்.

லுவாரில் ப்ளுவாவுக்கு பாரிஸிலிருந்து நேரடி ரயில் உண்டு. தூரிலிருந்து ஷெனோன்சோவுக்கு அரை மணி நேரம், ஸ்டேஷனில் இறங்கினால் அரண்மனை வாசல் நடக்கும் தூரம்தான். கார் தேவையே இல்லை. ஆற்றோரமாக 900 கிலோமீட்டர் சைக்கிள் பாதை போகிறது, பெரும்பாலும் சமதளம். அப்பாவுக்கு மின்சார சைக்கிள் வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள், உங்களை முந்திக்கொண்டு போவார்.

அப்புறம், ஷாம்போரின் இரட்டைப் படிக்கட்டு. ஒரே தூணைச் சுற்றி இரண்டு படிவரிசைகள் பின்னிக்கொண்டு ஏறுகின்றன. நீங்கள் ஒன்றில் ஏறுங்கள், மனைவி மற்றதில் இறங்கட்டும். நடுவிலுள்ள திறப்புகள் வழியாக முகத்தைப் பார்க்கலாம், ஆனால் வழியில் எங்கும் சந்திக்க முடியாது. லியோனார்டோ டா வின்சியின் யோசனையாக இருக்கலாம் என்கிறார்கள், எழுத்தில் ஆதாரம் இல்லை. அவர் கடைசிக் காலத்தில் பக்கத்தில் அம்புவாஸில்தான் இருந்தார், அதே 1519-இல் அங்கேயே இறந்தார்.

தோர்தோன்ய ரசிகன்:
இரண்டுமே வேண்டாம், தோர்தோன்ய ஆற்றங்கரைக்குப் போங்கள். பெய்னாக் கோட்டையும் காஸ்தெல்னோ கோட்டையும் ஆற்றின் எதிரெதிர்க் கரைகளில் முறைத்துக்கொண்டு நிற்கும். நூறாண்டுப் போரில் முன்னது பிரெஞ்சுக்காரர் பக்கம், பின்னது ஆங்கிலேயர் பக்கம்.

மிதிவண்டிக்காரன்:
அவர் கேட்டது இரண்டில் ஒன்று. மூன்றாவதை ஏன் இழுக்கிறீர்கள்?

கரடுமுரடு:
படிக்கட்டு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை மற்றவர்களின் செல்ஃபி கம்புகளுக்கு நடுவேதான் பார்க்க வேண்டும். வில்லாந்திரி தோட்டத்தைப் பார்த்து 'ஆகா, மறுமலர்ச்சிக் காலம்' என்று வாய் பிளப்பார்கள். 1906-இல் அந்த இடத்தை வாங்கிய கர்வாலோ என்ற ஸ்பானியர் இருபதாம் நூற்றாண்டில் போட்ட தோட்டம் அது.

தெற்கே நிற்பது நிஜமான வரலாறு. திருச்சபையை எதிர்த்த கத்தார்கள் மோன்செகுரில் பத்து மாத முற்றுகைக்குப் பிறகு 1244 மார்ச்சில் சரணடைந்தார்கள். நம்பிக்கையைக் கைவிட மறுத்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களை மலையடிவாரத்தில் உயிரோடு எரித்தார்கள். அந்தப் புல்வெளியைத் தாண்டித்தான் மேலே ஏற வேண்டும்.

துலூஸ்வாசி:
நடந்தது உண்மை, ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்கிறீர்கள். மோன்செகுரில் இன்று நிற்கும் சுவர்கள் கத்தார்கள் காலத்தவை அல்ல. அந்த ஊர் இடிக்கப்பட்டது, இப்போது இருப்பது பின்னால் வந்தவர்கள் எழுப்பியது. பெய்ர்பெர்த்யூஸ், கெரிபுஸ், புய்லோரன் எல்லாவற்றிலும் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பிரெஞ்சு மன்னரின் கட்டுமானம். 1258-இல் அரகோன் அரசரோடு ஒப்பந்தம் போட்ட பிறகு அந்த மலைத்தொடர்தான் எல்லை. அதைக் காக்க நிறுத்திய கோட்டைகள் இவை. 1659-இல் எல்லை பைரனீஸ் மலைக்கு நகர்ந்ததும் இவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 'கத்தார் கோட்டை' என்று பெயர்ப்பலகை வைத்தது சுற்றுலாத் துறை.

மிதிவண்டிக்காரன்:
அக்கா, அருமை! 'நிஜமான வரலாறு' பலகையில்தான் இருக்கிறது போல.

கரடுமுரடு:
சிரிக்க வேண்டாம், துலூஸ்வாசி சொன்னது என் கட்சிக்குத்தான் பலம். எல்லைக் காவலுக்குக் கட்டியவை என்றால் இவை முழுக்க முழுக்கப் படைக்கோட்டைகள். கெரிபுஸ் 1255 வரை பணியவில்லை, அதில் கத்தார் கதையும் உண்டு. அதன் மேல்தளத்தில் நின்றால் ஒரு பக்கம் கானிகு மலை, வானம் தெளிந்தால் இன்னொரு பக்கம் கடல், எதிரே முகட்டில் பெய்ர்பெர்த்யூஸ். ஒரு கோட்டையிலிருந்து அடுத்ததைப் பார்த்துக்கொண்டே நடப்பதை எந்த அரண்மனைத் தோட்டத்தில் செய்வீர்கள்? கடற்கரையிலிருந்து ஃபுவா வரை சுமார் 250 கிலோமீட்டர் நடைபாதை இவற்றைக் கோத்துக்கொண்டு போகிறது. முழுதும் நடக்கச் சொல்லவில்லை. த்யூயாக்கிலிருந்து குக்குன்யான் வழியாக கெரிபுஸ் போதும்.

மிதிவண்டிக்காரன்:
படை, போர், எரிப்பு. வரலாறு என்றால் அவ்வளவுதானா? 1559-இல் கணவரான பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றி இறந்ததும் ராணி காதரின் தெ மெடிசி, மன்னரின் காதலி டயானிடமிருந்து ஷெனோன்சோவைப் பிடுங்கிக்கொண்டு ஷோமோன் அரண்மனையைக் கொடுத்தார். அப்புறம் டயான் ஆற்றின் மேல் கட்டியிருந்த பாலத்தின் மீதே காதரின் நீளமான கூடம் எழுப்பினார். முதல் உலகப் போரில் அந்தக் கூடம் மருத்துவமனை. இரண்டாம் போரில் ஷேர் ஆறுதான் ஜெர்மன் பிடியிலிருந்த பகுதிக்கும் மற்றப் பகுதிக்கும் எல்லை. கூடத்தின் வடக்கு முனை ஒரு நாடு மாதிரி, தெற்குக் கதவு இன்னொரு நாடு மாதிரி. அந்தக் கதவு வழியாகத் தப்பிப் போனவர்கள் உண்டு. இன்றைக்கு நீங்களும் அதே கதவு வழியாக வெளியே வந்து மறுகரையில் மரநிழலில் நடக்கலாம். பள்ளம் இல்லை, கயிறும் இல்லை.

புதுப்பயணி:
இருவரும் சேர்ந்து என்னை நன்றாகக் குழப்பிவிட்டீர்கள். சரி, ஒரு கேள்வி. இங்கே வலப்பக்கம் கார் ஓட்டிப் பழக்கமில்லை. கார் இல்லாமல் தெற்கே சமாளிக்க முடியுமா?

துலூஸ்வாசி:
கர்காசோன் வரை ரயிலில் சுகமாக வரலாம். அதற்கப்புறம் கஷ்டம். இந்தக் கோட்டைகள் இருக்கும் கோர்பியேர் மலைக் கிராமங்களுக்குப் பேருந்து மிகக் குறைவு, அதை நம்பி மூன்று பேர் திட்டம் போடாதீர்கள். மலைச்சாலைகள் குறுகல், எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்னால் போக வேண்டும். முதல் முறை வலப்பக்கம் ஓட்டுபவருக்கு நான் சொல்லமாட்டேன். கோடையில் தீ அபாயம் கூடினால் காட்டுப் பாதைகளை மூடுவார்கள். 2025 ஆகஸ்டில் கோர்பியேரில் 16,000 ஹெக்டேர் அளவுக்குத் தீ பரவியது. ஜூன் முதல் வாரம் பொதுவாகப் பரவாயில்லை, இருந்தாலும் கிளம்பும் அன்று காலையில் மாவட்ட அறிவிப்பைப் பாருங்கள்.

எங்கே போனாலும் மதியச் சாப்பாட்டை 12-லிருந்து 2-க்குள் முடித்துவிடுங்கள். இரண்டரை மணிக்குக் கிராமத்து உணவகத்தில் போய் நின்றால் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். நடைபாதையில் வெள்ளை-சிவப்புப் பட்டை நீண்டதூரப் பாதைக்கு, மஞ்சள் பட்டை உள்ளூர்ச் சுற்றுக்கு. பட்டைகள் பெருக்கல் குறியாக இருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று அர்த்தம்.

கரடுமுரடு:
கார்தான் சிக்கல் என்றால் கர்காசோனில் ஓட்டுநரோடு வண்டி பேசிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் கெரிபுஸும் புய்லோரனும் முடிந்துவிடும். அப்பாவுக்குப் புய்லோரன்தான் சரி, ஏற்றம் இருந்தாலும் பாதை மரநிழலில் போகும்.

மிதிவண்டிக்காரன்:
மூன்று பேருக்கு ஓட்டுநரோடு ஒரு நாள் வண்டியா? அந்தக் காசில் லுவாரில் ஐந்து நாளும் சைக்கிள் எடுக்கலாம். முதலில் வாடகை எவ்வளவு என்று விசாரித்து இங்கே எழுதுங்கள், அப்புறம் பேசுவோம்.