‘வாழ்க்கை வட்டச் செலவு’க்குப் பதில் ‘ஆயுட்செலவு’?

வந்தாறுமூலையிலிருந்து:

வணக்கம். பல்கலைக்கழகப் பெறுகைக் கோவைகளில் ‘லைஃப் சைக்கிள் கொஸ்ட்’ என்பதை ‘வாழ்க்கை வட்டச் செலவு’ என்று எழுதுகிறோம். வண்ணத்துப்பூச்சிக்கு அது சரி. முட்டையில் தொடங்கி முட்டைக்கே வருகிறது. ஏசிக்கு ஏது வட்டம்? வாங்கும் விலை, பூட்டும் கூலி, மின்சாரம், பராமரிப்பு, கடைசியில் வாயுவை இறக்கி அகற்றும் செலவு எல்லாவற்றையும் கூட்டி, பழைய இரும்பு விலையைக் கழித்தால் வரும் தொகைதான் இது. ‘ஆயுட்செலவு’ போதாதா?

ஒலுவிலிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும் சேர். ‘முழுச்செலவு’ இன்னும் எளிதல்லவா? ‘ஆயுட்செலவு’ ஏதோ காப்புறுதிக் கட்டணம்போல ஒலிக்கிறது.

வந்தாறுமூலையிலிருந்து:

‘முழுச்செலவு’ கணக்காளர் கையில் ‘மொத்தச் செலவு’ ஆகிவிடும். அது விலைப்பட்டியலின் அடிவரி. கணக்கைப் பாருங்கள். விரிவுரை மண்டபத்துக்குச் சாதாரண ஏசி சராசரி 1.5 கிலோவாற்று இழுக்கிறது, இன்வேர்ட்டர் ஏசி 1 கிலோவாற்று என்று வைப்போம். நாளுக்கு 8 மணி, ஆண்டுக்கு 220 நாள்: 2,640 அலகு, 1,760 அலகு. அலகு 40 ரூபா என்றால் ஆண்டுக்கு 35,200 ரூபா மிச்சம். இன்வேர்ட்டர் 90,000 ரூபா கூட என்றாலும் மூன்றாம் ஆண்டு முடியுமுன் ஈடாகிவிடும். அடிவரியில் இது தெரியாது.

ஒலுவிலிலிருந்து:

கணக்கு சரி, ஆனால் எத்தனை ஆண்டுக்கு? இங்கே கடற்காற்றின் உப்பு வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். விற்பனையாளர் தரும் 10 ஆண்டை அப்படியே போட்டால் விடை பொய். இப்போது யோசித்தால், சொல்லுக்குள் ‘ஆயுள்’ இருப்பது நல்லதுதான், ‘எத்தனை ஆண்டு?’ என்று விலைமனுக்களை மதிப்பிடும் குழு கேட்டே தீரவேண்டும். என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

இன்னொன்று: ஆயுளாண்டு, ஓடும் மணி, அலகு விலை, கழிவு வீதம் (வருங்காலச் செலவை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வீதம்) நான்கையும் விலைமனு கோரும் ஆவணத்திலேயே எழுதவேண்டும். மனுக்களைத் திறந்தபின் சேர்த்தால் முறைப்பாடு வரும். நம் பெறுகை விதியும் ‘மதிப்பிடப்பட்ட’ ஆகக் குறைந்த விலை என்றுதான் சொல்கிறது; அந்த அடைமொழியை யாரும் வாசிப்பதில்லை.

வந்தாறுமூலையிலிருந்து:

அப்படியானால் தொகைக்கு ‘ஆயுட்செலவு’, கணிக்கும் முறைக்கு ‘ஆயுட்செலவுக் கணிப்பு’. மாசை அளக்கும் ‘லைஃப் சைக்கிள் அசெஸ்மென்ற்’ வேறு. அதிலே பொருள் மீள்சுழற்சிக்குத் திரும்பலாம். வட்டத்தை அதற்கே விட்டுவிடுவோம்.