தார்ச்சாலையும் ஒருநாள் பூச்சியும்: ‘நீர்மயக்கு’ என்ற சொல்லுக்காக

கருந்தார் போன்ற வழவழப்பான பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வதால் (இதுவே தளவிளைவு) சில பூச்சிகள் அதை நீரென்று ஏமாறுகின்றன; ஆங்கிலத்தில் இது ‘போலரைஸ்டு லைட் பொல்யூஷன்’. வனச்சாலைப் பொறியாளருக்கான வழிகாட்டிக் குறிப்பில் வைக்க இதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடியபோது ஒருவர் கேட்டார்:

> ‘போலரைஸ்டு லைட் பொல்யூஷன்’ என்பதைத் ‘தளவிளைவு ஒளிமாசு’ என்றே வைக்கலாமே. எளிமை வேண்டுமானால் ‘கானல் பொறி’.

‘தளவிளைவு’ நம் பாடநூல் வழக்கு, இயற்பியல் கட்டுரைக்கு அது போதும். வனச்சாலை போடும் பொறியாளருக்கு அந்தச் சொல் எதையும் காட்டாது. ‘மாசு’ என்றால் விளக்கையோ புகையையோ தேடுவார்.

‘கானல்’ வேண்டாம். சூடான காற்றில் ஒளி வளைவதால் வருவது கானல்; தொலைவில் தெரியும், கிட்டே போனால் மறையும். இங்கே கிட்டே வந்த பிறகும் மயக்கம் தெளிவதில்லை. ஹங்கேரியில் கிரிஷ்காவும் ஹோர்வாத்தும் ஆந்திரிகோவிச்சும் 1998இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஓடையோரத் தார்ச்சாலையில் ஒருநாள் பூச்சிகள் (ஈசல் அல்ல, நீரில் வளர்ந்து வெளிவருபவை) அந்தி நேரத்தில் கூட்டமாக இறங்கி முட்டையிடுகின்றன. முட்டை காய்ந்துபோகிறது. பளபளப்பான கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்புக்கு அவை திரண்டு வந்தன. பளபளப்பான வெள்ளை விரிப்பும் அலுமினியத் தாளும் அப்படி ஈர்க்கவில்லை. ஆக, வெறும் பளபளப்பு காரணமல்ல. கிடைத்தளத்தில் அதிரும் ஒளியையே இவை நீரின் அடையாளமாகக் கொள்கின்றன. நீருக்குள்ளிருந்து சிதறி மேலே வரும் ஒளி அந்த அடையாளத்தைக் கொஞ்சம் கலைத்துவிடும். கருந்தாரில் அப்படி வரும் ஒளி மிகக் குறைவு. அதனால் பூச்சியின் கண்ணுக்குச் சாலை ஓடையைவிட நல்ல ஓடையாகத் தெரியக்கூடும்!

‘சாலைப்பலி’ என்பதிலும் இதை அடக்க முடியாது. வண்டியே வராத சாலையிலும் இந்த இழப்பு உண்டு. இரவுப் போக்குவரத்தை நிறுத்தினாலும் தீராது.

> ‘நீர்மயக்கம்’ எப்படி?

நல்ல சொல், ஆனால் ‘குடிமயக்கம்’ போல நீரால் வந்த மயக்கம் என்று படிக்க இடமிருக்கிறது. பிழையும் பூச்சியின்மேல் விழுகிறது. மயக்குவது பரப்பு. எனவே ‘நீர்மயக்கு’ என்பேன். ‘நீர்மயக்குப் பரப்பு’, ‘நீர்மயக்குத் தன்மை’ என்று தடையில்லாமல் விரியும். கறுப்புக் கார், கண்ணாடிச் சுவர், சூரியத் தகடு எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வழிகாட்டிக் குறிப்பில் வைத்துப் பார்த்தேன்: “ஓடையை ஒட்டிய சாலையில் நீர்மயக்கைக் குறைக்க, மேலடுக்கில் வெளிர்நிறச் சரளை பதித்துச் சொரசொரப்பாக விடவும். கோடையில் தார் கசிந்து சரளையை மூடினால் பரப்பு மறுபடி வழவழப்பாகிக் கறுத்து நீர்மயக்கு திரும்பும். அந்த இடங்களில் மீண்டும் சரளை தூவவும்.”

இதே இடத்தில் ‘தளவிளைவு ஒளிமாசு’ என்று போட்டு வாசித்துப் பாருங்கள்.