பரத்பூர் சதுப்பில் எருமைகளை மறுபடி விடலாமா?

செங்கால்:
போன ஜனவரியில் ராஜஸ்தானில் இருக்கும் பரத்பூர் கியோலாதேவ் தேசியப் பூங்காவுக்கு, அந்தப் பறவைச் சதுப்புக்குப் போயிருந்தேன். சைக்கிள் ரிக்‌ஷாவை நிறுத்திவிட்டுக் கரையில் நின்று பார்த்தால் பல இடங்களில் புல் மூடித் தண்ணீரே தெரியவில்லை. ஒதுங்கிக் கிடந்த புல் தண்டு ஒன்றைத் தூக்கினேன். கணுவுக்குக் கணு வேர் விட்டு, பாய் மாதிரி மொத்தமாகக் கூடவே வந்தது. 1982-ல் மேய்ச்சலைத் தடை செய்ததன் விளைவு இது. எருமைகளைத் திரும்ப விட வேண்டும்.

நீர்க்காகம்:
கூடவே கூடாது தம்பி. இருப்பதே 29 சதுர கிலோமீட்டர், சுற்றிலும் ஊர்கள். நூறு மாட்டுக்குக் கதவைத் திறந்தால் ஆயிரம் வரும். அங்கே உண்மையான பிரச்சினை தண்ணீர். பூங்காவுக்கு வந்துகொண்டிருந்த கம்பீர் ஆற்று வெள்ளம் பாஞ்சனா அணையோடு நின்றுவிட்டது. சம்பல் ஆற்றிலிருந்து குழாயில் கொண்டுவருகிறார்கள். ஆற்று வெள்ளத்தோடு வந்த மீன்குஞ்சு குழாயில் வருமா?

செங்கால்:
தண்ணீர் விஷயம் சரிதான் அண்ணா. ஆனால் தண்ணீர் வந்தாலும் வாத்து எங்கே இறங்கும்? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகள் ஆய்வு செய்து, எருமை இல்லாததால்தான் புல் மூடியது என்று சொன்னது. அங்கே வலசை வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்கு சேற்றைக் கிளறிக் கோரைக்கிழங்கு தின்னும் பறவை. வேர் பின்னிய தரையில் அது அலகை எப்படி இறக்கும்?

நீர்க்காகம்:
கொக்கு வராததற்குப் புல்லைக் குற்றம் சொல்லாதீர்கள். வலசை வழியில், ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் சுட்டுத் தீர்த்தார்கள். 2002-க்குப் பிறகு பரத்பூருக்கு ஒன்றுகூட வரவில்லை. புல்லைக் குறைக்கத்தான் ஊர்க்காரர்களை அறுக்க விடுகிறார்களே, போதாதா?

ஏரிக்கரை:
அரிவாள் வேறு, எருமை வேறு. எருமை இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி மேயும். மிதித்த இடத்தில் குழி விழும், சாணத்தில் பூச்சி பெருகும், உண்ணிக்கொக்குகள் அதன் பின்னாலேயே நடக்கும். இன்னொன்று: அந்தத் தடையை எதிர்த்த ஊர்க்காரர்கள் மீது போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அவர்களைக் கேட்காமல் இன்னொரு முடிவு எடுக்கவே கூடாது.

நீர்க்காகம்:
கேட்கட்டும், எனக்கு மறுப்பில்லை. பூங்காவில் பரவிய சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கியதே அவர்கள்தான். ஆனால் கோமாரி வந்தால்? மாட்டிலிருந்து மானுக்குத் தொற்றுமே.

செங்கால்:
கொக்கு பற்றி நான் சொன்னது பாதிதான், ஒப்புக்கொள்கிறேன். சரி, தடுப்பூசி போட்ட எருமைகளை, எண்ணி, ஒரே ஒரு பாத்தியில் (கரை கட்டிப் பிரித்த நீர்ப்பகுதி) மட்டும் இரண்டு வருடம் விட்டுப் பார்க்கலாமே?

நீர்க்காகம்:
எந்தப் பாத்தி, எந்த மாதம்? சாரஸ் கொக்கு மழைக்காலத்தில் கூடு கட்டும் இடமென்றால் சம்மதிக்க மாட்டேன்.