மறு: பனிச்சறுக்குத் தளப் பனிக்கு ஒரு சொல்: செய்பனி?

குழுவினருக்கு வணக்கம். பனிச்சறுக்குத் தளங்களில் கருவியால் செய்து பரப்பும் பனியைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> ‘தொழில்நுட்பப் பனி’ என்றே இருக்கட்டும். ஜெர்மன் மொழியிலும் அப்படித்தானே சொல்கிறார்கள்?

சொல்கிறார்கள் ஐயா. ஆனால் அது பனிச்சறுக்குத் தொழிலுக்குத் தோதான பேர். பிரெஞ்சில் ‘பயிர்ப்பனி’ என்ற பொருளில் ஒன்று, இத்தாலியனில் ‘திட்டமிட்ட பனி’. மூன்றும் ‘செயற்கை’யைச் சொல்லக் கூசிப் பிறந்தவை என்றே எனக்குப் படுகிறது. ஆல்ப்ஸ் சுற்றுலாவின் சூழல் பாதிப்பை எழுதும்போது அந்த விளம்பரத்தை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

அதற்காகச் ‘செயற்கைப் பனி’யும் சரிவராது. படப்பிடிப்பில் தூவும் நுரையும் காகிதத் துகளும் அந்தப் பேரில்தான் போகின்றன. இதுவோ அசல் தண்ணீர். உறைகுளிரில் நுண்துளிகளாகப் பீய்ச்சியடித்து, தரை தொடுமுன் உறைய வைக்கிறார்கள். மேகத்தில் நிதானமாக வளரும் ஆறுமுனை இதழ் இதில் கிடையாது, எல்லாம் பொடி உருண்டைகள். புதிதாகப் பெய்த பனி கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ என்றால், இது 400ஐத் தாண்டும். இறுகிக் கிடப்பதால் உருகத் தாமதமாகும். அடியிலுள்ள செடிகளுக்கு, இருக்கிற குறுங்கோடையும் சுருங்கும். ஏரி, ஓடை நீரிலுள்ள கனிமங்களும் மண்ணில் இறங்கும். சத்தில்லா மண்ணுக்குப் பழகிய செடிகள் ஒதுங்க, வேறு செடிகள் இடம் பிடிக்கும். அப்புறம், இந்தப் பனிக்குத் தண்ணீர் சேர்த்து வைக்கும் நீர்த்தேக்கங்கள். பிரான்சின் லா க்ளூசா என்ற பனிச்சறுக்கு ஊரில், பீடபூமியில் அப்படி ஒன்று வெட்டக் கொடுத்த அனுமதியை 2022 அக்டோபரில் நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

இவ்வளவையும் தாங்க ஒரு தனிச்சொல் வேண்டும். செய்பனி என்பேன். வினைத்தொகை, உருகுநீர் போல. இயற்கையாக விழுவது பெய்பனி. கருவியைப் பனிவீசி எனலாம். ஆங்கிலத்தைப் பின்பற்றிப் ‘பனிப் பீரங்கி’ என்பது வேண்டாமே!

---

> செய்பனி, பெய்பனி

எழுத்தில் அழகு. வாய்விட்டுப் படித்தால் எது எதுவென்று தெரியாது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் ஏறக்குறைய முழுக்கச் செய்பனியில்தான் நடந்தது. அந்தச் செய்தியை வானொலியில் ‘பெய்பனி’ என்று கேட்டுவிட்டால் பொருளே தலைகீழ். இயல்பானதற்கு வெறும் ‘பனி’ போதும். அடைமொழி தேவைப்படுவது செய்ததற்குத்தான்.

---

ஆமாம், இது பலமான காரணம். பெய்பனியை விட்டுவிடுகிறேன். செய்பனியை நம் சொற்பட்டியலில் சேர்க்கலாமா? பனிவீசிக்கு இன்னும் யாரும் வாய் திறக்கவில்லையே.