எழும்பூரில் இறங்கியதும் எங்கே?

மதினி: வியாழன் காலை நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் இறங்குகிறோம், ராத்திரி அதே வண்டியில் திரும்புகிறோம். பத்தரைக்கு ஜெமினி பக்கம் சின்னவளுடைய விசா வேலை. மற்ற நேரமெல்லாம் சாப்பாட்டுக்குத்தான். எங்கே போகலாம், சொல்லுங்கள். போன தடவை மாதிரி ஆகக் கூடாது.

நான்: போன தடவை என்ன ஆச்சு?

மதினி: போர்டு பெரிதாக இருக்கிறதே என்று ஒரு ஹோட்டலில் நுழைந்தோம். பொங்கல் கேட்டால் முந்தின நாள் உப்புமாவில் மிளகு தூவியது மாதிரி ஒன்று வந்தது. அதற்கும் உங்கள் அண்ணன் டிப்ஸ் வைத்தார்.

அண்ணன்: பத்தே ரூபாய். இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

மயிலாப்பூர் அத்தை: முதலில் மணியைப் பாருங்கள். இங்கே நல்ல கடைகளில் பாதி காலையோடு மூடிவிடும், பாதி சாயங்காலம்தான் திறக்கும். இறங்கியதும் ஆட்டோ பிடித்துத் திருவல்லிக்கேணி ரத்னா கபே போய்விடுங்கள். சாம்பார் இட்லி.

அண்ணன்: சாம்பார் இட்லி நம்ம ஊரில் இல்லையா அத்தை?

மயிலாப்பூர் அத்தை: இருக்கும்டா. இங்கே ஜக்கோடு வந்து ஊற்றுவார்கள், இட்லி முங்கும் வரை. முதலில் ஊற்றியதை இட்லி குடித்துவிடும், நிமிர்ந்து பார்த்தால் மறுபடி ஜக்கோடு வருவார். ஸ்பூனால் உடைத்துக் கரைத்துச் சாப்பிட வேண்டும். 1948இலிருந்து நடக்கிற கடை. அங்கே போய் சட்னி சட்னி என்று கேட்டுக்கொண்டு உட்காராதே.

நான்: ராயர் மெஸ் கெட்டிச் சட்னி?

மயிலாப்பூர் அத்தை: அது ரொம்பச் சின்ன இடம், ஏழு மணிக்கே வாசலில் நிற்கணும். வண்டி லேட்டானால் போச்சு. விசா இல்லாத நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

அத்தான்: மதியம் சேப்பாக்கம் நாயர் மெஸ். ஸ்டேடியத்துக்குப் பக்கத்துச் சந்து. வஞ்சிரம் வறுவலை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதிச் சாப்பாட்டில் சொன்னால் மீன் வருவதற்குள் ரசத்துக்கு வந்துவிடுவீர்கள்.

மதினி: வியாழக்கிழமை நான் கவிச்சி தொட மாட்டேன்.

மயிலாப்பூர் அத்தை: அவர்கள் மீன் சாப்பிடட்டும், நீ சின்னவளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வாம்மா. வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். வெயில் தாழ்ந்ததும் மாட வீதியில் காளத்தி ரோஸ் மில்க். 1927இல் வைத்த பேப்பர் கடை, இப்போது பேப்பருக்கு வருகிறவர்களைவிட ரோஸ் மில்க்குக்கு வருகிறவர்கள்தான் அதிகம்.

அத்தான்: சாயங்காலம் சௌகார்பேட்டை சீனா பாய் கடை, பொடி போட்ட நெய் இட்லி.

நான்: காலையிலும் இட்லி, ராத்திரியும் இட்லியா? அதற்கு ஊரிலேயே இருக்கலாமே. பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ சாப்பிடட்டும்.

மதினி: அத்தோ என்றால்?

நான்: பர்மா நூடுல்ஸ். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம்ம ஆட்கள் கொண்டுவந்தது. ஆரஞ்சு நிறத்தில் தடியாக இருக்கும். முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய், பொரித்த வெங்காயம் எல்லாம் கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைவார்கள், தோசைக்கல் வேலையே கிடையாது. கூடவே வாழைத்தண்டு சூப். காரம் கம்மி என்று முன்கூட்டியே சொல்லணும், பிசைந்த பிறகு சொல்லிப் பயனில்லை. கறி இல்லாமல், முட்டை இல்லாமல் என்று கேட்டு வாங்குங்கள்.

அண்ணன்: எனக்கு முட்டையோடு.

அத்தான்: நெய் இட்லி போச்சா? சரி, ஆறு மணிக்கு அங்கே இருங்கள், நானும் வருகிறேன். ஏழுக்கெல்லாம் எழும்பூருக்கு ஆட்டோ ஏற்றிவிடுகிறேன். பாரிமுனை டிராபிக்கை நம்ப முடியாது.

அண்ணன்: வண்டியில் சாப்பிட ஒரு பார்சலும் வாங்கிக்கொள்ளலாம்.

மதினி: பூண்டு எண்ணெய் என்று இப்போதுதானே சொன்னார்கள்? வேறு பெட்டியில் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.