ராயக்கோட்டை படம் குண்டு மழையில் வரைந்ததா?

மாங்கொட்டை:
கிருஷ்ணகிரியில் எங்கள் பெரியப்பா வீட்டு முன்கூடத்தில் ராயக்கோட்டை மலையின் பழைய படம் ஒன்று, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அடியில் டேனியல் என்று இங்கிலீஷில் பேர். யார் வந்தாலும் பெரியப்பா கூட்டிப்போய், வெள்ளைக்காரன் முற்றுகை போட்டப்போ பீரங்கிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வரைந்தது, இதோ பார் புகை என்று வலது மூலையைக் காட்டுவார். நிஜமாகவே சண்டைக்கு நடுவில் வரைந்ததா, இல்லை பெரியப்பா விடும் கதையா?

மலையேறி:
கதைதான். கௌடி என்கிற கம்பெனிப் படை மேஜர் ராயக்கோட்டையைப் பிடித்தது 1791 ஜூலையில். கீழ்க்கோட்டையை அடித்துப் பிடித்தார்கள், மேல்கோட்டை அப்புறம் சரணடைந்துவிட்டது. படத்தை வரைந்த தாமஸ் டேனியலும் சகோதரர் மகன் வில்லியமும் மதராஸிலிருந்து கிளம்பியதே 1792 ஏப்ரலில், அதாவது திப்புவோடு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை முடிந்து நம்ம கிருஷ்ணகிரிச் சீமையான பாராமகால் கம்பெனி கைக்குப் போன அடுத்த மாதம். இங்கே பென்சிலில் கோட்டுப்படம் போட்டு எடுத்துப்போய், லண்டனில் செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சடித்தார்கள். இப்படி அவர்கள் வெளியிட்ட இந்தியக் காட்சி வரிசையில் மொத்தம் 144 படம், நம்ம ஓசூரும் உண்டு.

பாராமகால்வாசி:
படையோடவே போன ஓவியர் வேண்டும் என்றால் ராபர்ட் ஹோம். திப்புவை எதிர்த்து வந்த கம்பெனித் தளபதி காரன்வாலிஸின் படையோடு போனவர். 1791 மார்ச்சில் பெங்களூர்ப் பேட்டை, அதாவது கோட்டைக்கு வெளியே இருந்த ஊரின் வாசலில் கர்னல் மூர்ஹவுஸ் செத்து விழுவதை வரைந்தாரே, அவர்தான். ஆனால் அதைக் கொஞ்ச நேரம் பாருங்கள், சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் நாடகத்தில் நிற்கிற மாதிரி நிற்பார்கள். தோட்டா பறக்கிற இடத்தில் எவன் அப்படி நிற்பான்! என்னைக் கேட்டால் சர்வேக்காரர் கோல்புரூக் மாதிரி படை அதிகாரிகள் போட்ட படங்களைத்தான் நம்புவேன். மலை எவ்வளவு செங்குத்து, மதில் எங்கே வளைகிறது என்று பார்ப்பதுதான் அவர்கள் பிழைப்பு.

இன்னொன்று, ஜெயித்த கோட்டையைத்தான் ஆசையாக வரைவார்கள். 1791 நவம்பர் 7 ராத்திரி கம்பெனிப் படை அதிகாரி மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரி மலையடிப் பேட்டையைப் பிடித்துவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறப் பார்த்தார். மேலிருந்து பாறையை உருட்டிவிட்டதில் ஏணியும் நசுங்கி ஆளும் நசுங்கி, திரும்பிவிட்டார்கள். சையத் பாஷா மலை அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாலே புரியும். அந்த ராத்திரியை யாராவது வரைந்திருந்தால் உங்கள் பெரியப்பா வீட்டில் அதையல்லவா மாட்ட வேண்டும்!

மலையேறி:
தம்பி, அந்தப் புகையை மட்டும் சட்டத்தைக் கழற்றி ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மாங்கொட்டை:
பெரியப்பா சந்தைக்குப் போன நேரத்தில் கழற்றிவிட்டேன் அண்ணா. புகை பின்னட்டை வரைக்கும் போகிறது, சுவரிலும் அதே இடத்தில் ஓதம். பழையபடி மாட்டிவிட்டேன், அவரிடம் சொல்லப்போவதில்லை.